காய்ச்சல் போன பின்னும் போகாத கோழை: ஓர் ஓதுவாரின் இருமல் குறித்த நிகழ்வு ஆய்வு

காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரில் நான் நடத்தும் மருத்துவமனையில், 2024 டிசம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை கவனித்த நிகழ்வு இது. நோயாளியின் ஒப்புதலுடன் எழுதுகிறேன். ஊர், கோயில் உள்ளிட்ட அடையாள விவரங்களை விட்டுவிட்டேன்.

வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இருமல் நீடிப்பது அன்றாடம் காண்பதுதான். அதற்காக மட்டும் ஒரு நிகழ்வு ஆய்வு எழுதத் தேவையில்லை. ஆனால் இவருக்கு வந்த நோயைவிட, ஐந்து வாரத்தில் அதைச் சுற்றிக் குவிந்த மருந்துகளே எங்களுக்கு அதிக வேலை வைத்தன.

பின்னணி

நோயாளிக்கு வயது 56. சிவன் கோயில் ஒன்றில் ஓதுவார். இளம் வயதிலிருந்தே தேவாரம் பாடி வருபவர். புகை, புகையிலை, மது எதுவும் கிடையாது. சர்க்கரை நோய் இல்லை. ஆஸ்துமா அவருக்கும் இல்லை, குடும்பத்திலும் இல்லை. இரத்த அழுத்தத்துக்குச் சில ஆண்டுகளாக அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை ஒன்று, அதிலேயே அழுத்தம் 130/80 அளவில் நின்றிருந்தது. வீட்டில் மனைவி, மகள், மகளின் நான்கு வயது மகன்.

நவம்பர் நடுவில், அடைமழை நாட்களில், மழலையர் பள்ளிக்குப் போகும் பேரனுக்கு முதலில் காய்ச்சல் வந்தது. சில நாட்களில் தாத்தாவுக்கும் வந்தது. கடுமையான உடல்வலி, தொண்டை வலி, மூக்கொழுகல், 102 டிகிரி காய்ச்சல். பாரசிட்டமாலும் கஞ்சியுமாக நான்கு நாட்களில் காய்ச்சல் விட்டது. இன்ஃப்ளுயன்சாவாக இருந்திருக்கலாம், அப்போது பரிசோதனை செய்யப்படவில்லை. காய்ச்சல் விட்ட பிறகுதான் இருமல் வலுத்தது.

எங்களிடம் வருவதற்கு முன்

இரண்டாம் வாரம், சளி மஞ்சளாக வருகிறது என்று மகள் மருந்துக் கடையில் சொல்ல, மூன்று நாள் அசித்ரோமைசினும் ஓர் இருமல் சிரப்பும் கொடுத்தார்கள். சளியின் நிறம் மாறினாலே ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்பது நம் ஊரில் ஆழ வேரூன்றிய நம்பிக்கை. தொற்றை எதிர்க்க வரும் வெள்ளையணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அந்த அணுக்கள் சளியில் சேரச் சேர நிறம் ஏறும். வைரஸ் தொற்றிலும் இது நடக்கும். சிரப்பில் இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெதார்பான், தூக்கம் தரும் குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்கான பினைலெப்ரின் மூன்றும் இருந்தன. இவற்றில் கடைசி மருந்து, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் யோசித்துச் சாப்பிட வேண்டியது. நடு மருந்து சளியை உலர்த்திக் கெட்டியாக்கும். தொண்டையில் ஒட்டும் உணர்வு அதனால் கூடவும் கூடும்.

மூன்றாம் வாரம் பக்கத்து நகரில் ஒரு மருத்துவரைப் பார்த்தார்கள். ஐந்து நாள் லெவோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக், இரவுக்கு மான்டிலூகாஸ்ட் கலந்த ஒவ்வாமை மாத்திரை. அங்கே இரத்த அழுத்தம் 160/100 என்று வந்ததால் எனலாப்ரில் 5 மி.கி. சேர்க்கப்பட்டது. மார்பு எக்ஸ்ரேயோ சளிப் பரிசோதனையோ எடுக்கப்படவில்லை.

இவற்றோடு வீட்டு வைத்தியமும் நடந்துகொண்டிருந்தது. காலையும் மாலையும் வேது பிடித்தல், மிளகுக் கஷாயம், மஞ்சள் போட்ட பால். பாடுகிறவர்கள் பலரையும் போல இவரும் அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் உடையவர். முன்பு பாடப் போகும் நேரத்தில் மட்டும் ஒரு துண்டு. இருமல் வந்த பிறகு விடியலிலிருந்து இரவு வரை வாயில் அது இல்லாத நேரமே இல்லை.

முதல் சந்திப்பில் கண்டவை

மார்கழி பிறந்து சில நாட்களில், காய்ச்சல் தொடங்கி ஐந்து வாரம் ஆன நிலையில், எங்களிடம் வந்தார். பேச்சைத் தொடங்கும் முன்பே இரண்டு முறை செருமினார். “ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது டாக்டர். இறங்கவும் மாட்டேன் என்கிறது, வெளியே வரவும் மாட்டேன் என்கிறது. முதல் அடி எடுக்கும்போதே தொண்டை கட்டிக்கொள்கிறது” என்றார். மார்கழி விடியலில் திருவெம்பாவையின் 20 பாடல்களும் திருப்பள்ளியெழுச்சியின் 10 பாடல்களும் பாட வேண்டியவர் அவர். அதை நினைத்தே பாதி இரவு தூக்கம் போகிறது என்றார் மனைவி.

அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் இருபது முறைக்கு மேல் செருமினார். அதை அவரே உணரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, வருவதைத் துப்பச் சொன்னேன். வலிந்து காறியும் வந்தது கொஞ்சம் நுரைத்த எச்சில். மஞ்சளும் இல்லை, இரத்தமும் இல்லை. இருமல் வேறு விதமாக இருந்தது. தொண்டைக்குழிக்குக் கீழே அரிப்பதுபோல் தொடங்கி, தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு வறட்டு இருமல். குளிர்ந்த காற்று, சாம்பிராணிப் புகை, சிரிப்பு, நீண்ட பேச்சு இவற்றில் எது பட்டாலும் அது கிளம்பியது.

காய்ச்சல் இல்லை. ஆக்சிஜன் அளவு 98. நுரையீரலில் இரைப்போ கரகரப்போ கேட்கவில்லை. மூக்கின் உட்புறம் வீங்கியிருந்தது. தொண்டையின் பின்சுவரில் சிறு சிறு மேடுகள், மூக்கிலிருந்து கோழை பின்புறமாக இறங்குவதற்கான அடையாளம். குரல் கம்மியிருந்தது. எடை காய்ச்சலின்போது 2 கிலோ குறைந்தது, பிறகு குறையவில்லை. இரவு வியர்வை இல்லை. இரத்த அழுத்தம் இரண்டு மாத்திரைகளுக்குப் பிறகும் 156/94. கணுக்காலில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. மாடிப்படி ஏறினால் தொடை துவள்கிறது என்பதை, நான் கேட்ட பிறகுதான் சொன்னார். காய்ச்சலின் களைப்பு என்று நினைத்திருந்தார்.

மூன்று வாரத்துக்குள் இருப்பது குறுகிய கால இருமல், எட்டு வாரத்தைத் தாண்டினால் நாட்பட்ட இருமல். இவர் நடுவில் இருந்தார். இந்த இடைக்கட்டத்தில் வைரஸ் தொற்றின் மிச்சமே முதலில் நினைக்க வேண்டிய காரணம். ஆனால் அதை முதலில் நினைக்கலாமே தவிர, மற்றதைப் பார்க்காமல் அப்படியே எழுதிவிடக் கூடாது.

முதலில் விலக்க வேண்டியவை

நம் நாட்டின் காசநோய்த் திட்ட விதிப்படி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சளியைப் பரிசோதிக்க வேண்டும். இவர் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியின் மீதும் வேலை செய்யக்கூடியது. நோய் இருக்கும் ஒருவருக்கு அதைச் சில நாள் கொடுத்தால், தேறியதுபோல் தோன்றி, கண்டுபிடிப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அதனால் நுண்ணோக்கிப் பரிசோதனையோடு நிற்காமல், கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பரிசோதனைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்ப விரும்பினேன். அங்கே அது இலவசம்.

மனைவி தயங்கினார். “சளி டெஸ்ட்டுக்குப் போனார் என்று தெரிந்தால் கோயிலில் பக்கத்தில் நிற்க மாட்டார்கள் டாக்டர்.” இந்த அச்சம் பொய்யானதல்ல, எங்கள் பகுதியில் அதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருப்பதைச் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். முதல் நாள் கொடுத்தது வெறும் எச்சில் என்று ஆய்வகத்தில் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் காலை வாயைக் கொப்பளித்துவிட்டு, மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிவயிற்றிலிருந்து இருமி எடுக்கச் சொல்லிக் கொடுத்த பிறகு சரியான மாதிரி கிடைத்தது. கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மார்பு எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தது.

இரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் அணுக்கள் இயல்பான அளவில் இருந்தன. யானைக்கால் நோய் இருந்த பகுதிகளில் இரவு இருமலுக்கு அந்த அணுக்கள் பல மடங்கு ஏறும் ஒரு நுரையீரல் நோயும் காரணமாகலாம் என்பதால் எங்கள் பக்கத்தில் இதைப் பார்க்காமல் விடுவதில்லை. மூச்சுத்திறன் பரிசோதனையில் ஆஸ்துமாவின் சாயல் இல்லை.

குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால் குரல்வளையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவ நண்பர் கருவி வைத்துப் பார்த்தார். குரல் நாண்கள் சிவந்து சற்றுத் தடித்திருந்தன; கட்டி எதுவும் இல்லை. குரல்வளையின் பின்பகுதியில் வீக்கம். அதை வயிற்று அமிலம் மேலேறுவதன் அடையாளமாக அவர் எடுத்துக்கொண்டு, இரண்டு மாதம் அமிலக் குறைப்பு மாத்திரை தரலாம் என்றார். எனக்கு உடன்பாடில்லை. ஓயாமல் செருமினாலும் அந்த இடம் அப்படித்தான் வீங்கும். நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ இவருக்கு இல்லை. ஆனால் அர்த்தசாம பூஜை முடிந்து வந்து சாப்பிட்டவுடன் படுப்பது இவர் வழக்கம் என்று விசாரித்ததில் தெரிந்தது. இரவுச் சாப்பாட்டைப் பூஜைக்கு முன்பே முடித்துக்கொள்வது, மாத்திரை வேண்டாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

எதிர்பாராமல் கிடைத்தது பொட்டாசியம் அளவு. 3.5க்குக் கீழே இருக்கக் கூடாத இடத்தில் 3.2.

நிறுத்தியவை

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், அளவு மீறினால் சிறுநீரகத்தை ஏமாற்றி உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும். பொட்டாசியத்தை வெளியே தள்ளும். இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை துவளும். இவருக்கு இவை எல்லாம் இருந்தன. சிரப்பில் இருந்த பினைலெப்ரினும் தன் பங்குக்கு அழுத்தத்தைக் கூட்டியிருக்கும்.

அப்படி ஏறிய அழுத்தத்தை அடக்கத்தான் எனலாப்ரில் வந்தது. அந்த வகை மாத்திரைகள் கணிசமான பேருக்கு வறட்டு இருமலைத் தருபவை. தொண்டையில் அரிப்புடன் தொடங்கும் அந்த இருமல் இவருடையதைப் போலவே இருக்கும். இருமலுக்கு அதிமதுரம், அதிமதுரத்தால் அழுத்தம், அழுத்தத்துக்கு மாத்திரை, மாத்திரையால் மறுபடி இருமல். ஒவ்வொரு படியிலும் கொடுத்தவர் தன் முன் இருந்ததைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே மேசையில் யாரும் பரப்பிப் பார்க்கவில்லை.

அதிமதுரம், சிரப், எனலாப்ரில், மான்டிலூகாஸ்ட் நான்கையும் நிறுத்தச் சொன்னேன். மான்டிலூகாஸ்ட் தொற்றுக்குப் பிந்தைய இருமலுக்குப் பயன் தருகிறதா என்று பிரிட்டனில் முறையாகச் சோதித்து, 2014ல் வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட மேலான பலன் இல்லை. எனலாப்ரிலுக்குப் பதில், இருமல் தராத வகையான டெல்மிசார்டான் 40 மி.கி. தற்காலிகமாக. அம்லோடிபின் அப்படியே. இளநீர், வாழைப்பழம் சேர்க்கவும், ஒரு வாரத்தில் பொட்டாசியத்தை மறுபடி பார்க்கவும் ஏற்பாடு.

மிளகுக் கஷாயத்தையும் நிறுத்த வேண்டுமா என்று மனைவி கேட்டார். வேண்டியதில்லை, அளவோடு குடித்தால் தொண்டைக்கு இதம். நாட்டு மருந்தென்றால் முகம் சுளிக்கும் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: கடையில் விற்கும் ப்ரோம்ஹெக்சினும் அதன் வழிவந்த அம்ப்ராக்சாலும் நம் வேலியோர ஆடாதோடையில் உள்ள வாசிசினை அடியொற்றிச் செய்யப்பட்டவை. நாட்டு மருந்தா ஆங்கில மருந்தா என்று பிரித்துப் பார்ப்பதைவிட, எவ்வளவு, எத்தனை நாள், கூட வேறென்ன என்று கேட்பதுதான் உதவும்.

சேர்த்தவை குறைவு. மூக்கில் அடிக்கும் புளூட்டிகசோன் மூன்று வாரத்துக்கு. உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல், நாளுக்கு இரண்டு முறை: 250 மி.லி. நீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும் என்பதை இரண்டு முறை சொன்னேன். கேரளத்தில் பல உயிர்களை வாங்கிய அமீபா மூளைக்காய்ச்சல் மூக்கின் வழியாகத்தான் ஏறுகிறது. இரவில் வெந்நீரில் ஒரு ஸ்பூன் தேன். வேது பிடிப்பது இதமாக இருந்தால் பிடிக்கலாம். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தை நடமாடும் தரையில் வைக்கக் கூடாது.

செருமும் பழக்கத்தை மாற்றியது

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்மயிர்கள் உண்டு. தூசியும் கிருமியும் ஒட்டிய கோழையை மெல்ல மேலே தள்ளுவது அவற்றின் வேலை. தொண்டைக்கு வந்ததை நாம் அறியாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். இன்ஃப்ளுயன்சா போன்ற வைரஸ்கள் அந்த உட்சுவரையே உரித்துவிடும். மறுபடி வளர வாரங்கள் ஆகும். அதுவரை கோழை தேங்கும், அடியில் உள்ள நரம்பு முனைகள் சின்னத் தூண்டலுக்கும் சீறும். அந்தக் கூச்சத்தையே தொண்டை “சளி” என்று உணர்கிறது. செருமினால் ஒரு நொடி நிம்மதி. ஆனால் குரல் நாண்கள் மோதி மேலும் வீங்குகின்றன, வீக்கத்தைத் தணிக்க இன்னும் கோழை சுரக்கிறது. ஆறுகிற புண்ணைச் சொறிவதுபோலத்தான்.

இதைச் சொன்னபோது ஓதுவார் நம்பவில்லை. “அப்படியென்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்கிறீர்களா?” என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார். உணர்வு உண்மை, ஆனால் காறி எடுக்கும் அளவுக்கு அங்கே எதுவும் இல்லை என்று கிண்ணத்தை நினைவூட்டினேன்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் தந்த பயிற்சி எளிமையானது. செரும வேண்டும் என்று தோன்றும்போது வாயை மூடி மூக்கால் மெல்ல மூச்சிழுத்து, எச்சிலை அழுத்தி விழுங்க வேண்டும். முடியாவிட்டால் ஒரு மிடறு தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் ஓசையில்லாமல் “ஹ” என்று காற்றை மட்டும் தள்ளி, உடனே விழுங்க வேண்டும். இருமல் கிளம்பும் அரிப்பு வந்தால் உதடுகளைக் குவித்து மெதுவாக ஊதி வெளிவிட வேண்டும். முழுதாக அடக்க முயலக் கூடாது. ஒரு நிமிடம் தள்ளிப்போட்டால் போதும்.

மூச்சை அளந்து விடுவது அவருக்குக் கைவந்த கலை என்பதால் மற்ற நோயாளிகளைவிட விரைவில் பிடித்துக்கொண்டார். கீழ் ஸ்தாயியில் வாய் மூடி முனகுவதை அவரே சேர்த்துக்கொண்டார். பயிற்சியாளரும் அது நல்லது என்றார். எண்ணிக்கைக்கு மகள் பொறுப்பு: மாலையில் ஒரு மணி நேரம், அவருக்குச் சொல்லாமல், நாள்காட்டித் தாளில் கோடு போடுவது. முதல் நாள் 41 கோடுகள்.

பத்து நாள் குரலுக்கு முழு ஓய்வு கேட்டேன். மார்கழியில் அதற்கு வாய்ப்பே இல்லை என்றார். நீண்ட பேச்சுக்குப் பிறகு ஒரு சமரசம். விடியற்காலைப் பாடல்களை அவரிடம் பயிலும் இளைஞர் பாடுவார். இவர் தாளம் போட்டு உடன் நிற்பார். மாலையில் ஒரு பதிகம் மட்டும், அதுவும் சுருதியைக் குறைத்து. தூபம் காட்டும் நேரத்தில் மண்டபத்தின் மறுபுறம் நகர்ந்துகொள்வார். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வல்ல, குரல் நாணுக்கு அது கூடுதல் வேலை என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

இடையில் ஒரு பின்னடைவு

பத்தாம் நாள் இரவு தொடர் இருமலில் வாந்தி எடுத்துவிட்டார். காலையில் மூவரும் வந்தார்கள். உறவினர் ஒருவர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை அட்டை மகள் கையில் இருந்தது; கொடுக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். கேட்காமல் கொடுக்கவில்லை என்பதே எனக்கு நிம்மதி. ஆஸ்துமா இல்லாத பெரியவர்களுக்கு நெஞ்சுச் சளித் தொற்றில் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை 40 மி.கி. ஐந்து நாள் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2017ல் வெளியானது. இருமல் நாட்கள் குறையவில்லை. இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் ஏற்கெனவே தடுமாறும் இவருக்கு அது இரட்டைக் கேடு.

இருமி வாந்தி எடுப்பது கக்குவான் இருமலிலும் உண்டு. ஆனால் இழுத்து மூச்சுவாங்கும் ஓசை இல்லை. ஆறு வாரம் கடந்த நிலையில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் இருமல் குறையப்போவதில்லை. மார்பு தெளிவாக இருந்தது. ஆனால் அழுத்தம் 148/92, பொட்டாசியம் 3.4. எதிர்பார்த்த அளவு தேறவில்லை.

வீட்டில் வாயில் போடும், குடிக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். மாலையில் பை வந்தது. அதிமதுரத் துண்டுகளை அவர் உண்மையிலேயே விட்டிருந்தார். அவற்றுக்குப் பதிலாக வாங்கிய மூலிகைத் தொண்டை மிட்டாயிலும், பாலில் கலக்கும் இருமல் பொடியிலும் அதிமதுரமே முதல் சரக்கு. மிட்டாய் ஒரு நாளைக்கு ஒரு பட்டை காலியாகிக்கொண்டிருந்தது. அவை நின்றன, பனங்கற்கண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம் என்றேன். வேறு எந்த மாற்றமும் செய்யவில்லை. மூச்சுக்குழாய்க்கான இப்ராட்ரோபியம் உள்ளிழுப்பு மருந்தை அடுத்த படியாக எழுதி வைத்திருந்தோம். அதற்குத் தேவை வரவில்லை.

விளைவு

ஜனவரி இரண்டாம் வாரம் அழுத்தம் 132/82, பொட்டாசியம் 3.9. கால் வீக்கம் வடிந்தது, படி ஏறும்போது தொடை துவளவில்லை. அரிப்போடு வரும் வறட்டு இருமல்தான் முதலில் விலகியது. தொண்டையில் ஒட்டும் உணர்வு பிடிவாதமாக இருந்தது. அது உணவு நேரத்தில் மறைந்து, விடியலில் திரும்பியது. நாள்காட்டியில் கோடுகள் பதின்மூன்றாகக் குறைந்திருந்தன. பொங்கலுக்குப் பிறகு விடியற்காலைப் பாடலில் பாதியை அவரே பாடத் தொடங்கினார்.

எட்டு வாரத்தில் இருமல் குறையாமல் நின்றால் சளிப் பரிசோதனையையும் எக்ஸ்ரேயையும் மறுபடி எடுப்பது என்று முன்பே குறித்து வைத்திருந்தோம், லெவோஃப்ளாக்சசின் சாப்பிட்டிருந்ததால். அந்த நேரத்தில் இருமல் பெருமளவு அடங்கி, இழந்த 2 கிலோவும் திரும்பியிருந்தது, அதனால் எடுக்கவில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில், காய்ச்சல் வந்து பதினோரு வாரம் கழித்து, காலையில் எழுந்ததும் ஓரிரு செருமல் மட்டுமே மிச்சம். குரல்வளையை மறுபடி பார்த்த நண்பர் வீக்கம் குறைந்திருப்பதாக எழுதினார். அது முன்னேரச் சாப்பாட்டின் பலன் என்பது இன்னும் அவர் கட்சி. டெல்மிசார்டானை நிறுத்திப் பார்த்தோம். அம்லோடிபின் ஒன்றிலேயே அழுத்தம் பழைய 130/80க்கு வந்து நின்றது.

எது குணப்படுத்தியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனலாப்ரில் இருமல் பெரும்பாலும் நிறுத்திய ஒன்று முதல் நான்கு வாரத்தில் போகும். வைரஸின் மிச்சமும் அதே காலத்தில் தானாகவே போயிருக்கும். செருமல் பயிற்சியும் அப்போதுதான் நடந்தது. ஒவ்வொன்றாக நிறுத்தியிருந்தால் விடை தெரிந்திருக்கும். பொட்டாசியம் 3.2 என்று இருக்கும்போது அந்த விடைக்காகக் காத்திருப்பது சரியாகப் படவில்லை. இரத்த அழுத்தம் ஏறியதற்கு மட்டும் காரணம் ஏறக்குறைய உறுதி.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

எங்கள் மருத்துவமனையில் இப்போது இருமலோடு வருபவர்களிடம் “என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்” என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. அதிமதுரத்தை யாரும் மருந்தாக நினைத்துச் சொல்வதில்லை. “வாயில் என்ன போடுகிறீர்கள், பாலில் என்ன கலக்கிறீர்கள்” என்று செவிலியர் தனியாகக் கேட்டு எழுதுகிறார். இரத்த அழுத்தம் திடீரென ஏறியிருந்தால் புது மாத்திரை எழுதும் முன் அந்தத் தாளைப் பார்க்கிறோம். இருமிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகையைப் புதிதாகத் தொடங்குவதில்லை.

காய்ச்சல் காலத்திலேயே சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 2013ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சளி இருமல் ஏழு முதல் ஒன்பது நாளில் போய்விடும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் சராசரியாக ஏறக்குறைய 18 நாள் நீடித்தது. இரண்டாம் வாரத்தில் ஆன்டிபயாட்டிக் தேடி ஓடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கூடவே, எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுக்கிறோம்: சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், விட்ட காய்ச்சல் திரும்புதல், எடை குறைதல், இரவு வியர்வை, விழுங்கச் சிரமம், மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல். புகைப்பவராக இருந்தால் இந்தப் பட்டியலே தேவையில்லை, முன்பே வந்துவிட வேண்டும்.

அந்த வீட்டில் தாத்தாவின் சிரப்பையே கால் மூடி அளவுக்குப் பேரனுக்கும் கொடுத்திருந்தார்கள். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. இவன் அந்த வரம்பை அப்போதுதான் தாண்டியிருந்தான். 2025 அக்டோபரில், நம் மாநிலத்தில் தயாரான ஒரு சிரப்பில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருளால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த செய்தி வந்ததும், அந்த மகள் தொலைபேசியில் கூப்பிட்டு வீட்டிலுள்ள புட்டிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தேன் போதும் என்றேன். அதற்குக் கீழ் தேனும் கூடாது.

முதல் சிரப்பைக் கொடுத்த மருந்துக் கடைக்காரரிடம் பேசினேன். சும்மா அனுப்பினால் எதிர்க்கடைக்குப் போவார்கள் என்றார், அதில் பொய்யில்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமலையாவது எங்களிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். சிலர் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் காசநோய் உறுதியாகி, சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது.